ஊரடங்கு முடியிற தேதி வேற, நோய் முடியிற தேதி வேற: மதுரையின் இரண்டு வருடக் கதை

1.

மூன்று தேதிகளோடு ஆரம்பிக்கிறேன் நண்பர்களே.

மார்ச் 31, 2022. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு போட்டிருந்த கொரோனா உத்தரவுகள் அன்றோடு முடிந்தன. அதைத் தொடர்ந்து ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசும் மிச்சமிருந்த கட்டுப்பாடுகளை எடுத்துவிட்டது.

ஏப்ரல் 16. இரண்டு வருடம் கழித்து கள்ளழகர் வைகையில் இறங்கினார். லட்சக்கணக்கான சனம். அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். பலருக்குக் காயம்.

ஏப்ரல் 22. சென்னை ஐஐடி-யில் மாணவர்களிடையே தொற்று பரவியதும், மாஸ்க் போடாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று மறுபடியும் அறிவிப்பு வந்தது.

எல்லாம் ஒரே மாதத்துக்குள். "இதெல்லாம் வேற வேற விஷயம்தானே டாக்டர்?" என்று கேட்பீர்கள். எனக்கு இது ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீயைக் கையில் வைத்துக்கொண்டு படிங்க.

2.

முதலில் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரண்டு வருடத்தைத் திரும்பிப் பார்த்தால், ஆபத்து கூடின நாட்கள் பெரும்பாலும் ஊரடங்கின் நடுவில் இல்லை, ஓரங்களில் இருக்கின்றன. பூட்டுவதற்கு முந்தின நாள். திறந்ததற்கு அடுத்த நாட்கள்.

தளர்வு தப்பில்லை. தளர்வு வேணும். ஆனால் எல்லாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வாசல் வழியாக உள்ளே போகிறோம் பாருங்க, அதுதான் ஆளைச் சாய்க்கிறது. சில சமயம் வைரஸாக வந்து. சில சமயம் வெறும் நெரிசலாக.

3.

கதையை நம்ம ஊரிலிருந்தே தொடங்கணும். தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முதல் உயிர் போனது மதுரையில்தான்.

2020 மார்ச் 24 இரவு பிரதமர் 21 நாள் ஊரடங்கை அறிவித்தார். அடுத்த சில மணி நேரத்தில், மார்ச் 25 அதிகாலை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒருவர் இறந்தார். வெளிநாடு எதுவும் போகாதவர்.

"ஃபிளைட்ல வந்தவங்களுக்குத்தான் வரும்" என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கை அன்றைக்கே உடைந்தது. உத்தரவு அமலுக்கு வந்த நாளில் கிருமி ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது. உத்தரவுக்கு ஒரு காலண்டர், வைரஸுக்கு ஒரு காலண்டர் என்பதற்கு இது முதல் சாட்சி.

4.

அடுத்தது 2020 ஏப்ரல் 25. ஞாபகம் இருக்கா?

சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஏப்ரல் 26 முதல் 29 வரை நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவிப்பு வந்தது. காய்கறிக் கடை, மளிகைக் கடை எதுவும் கிடையாது. அறிவிப்பு வந்ததும் என்ன ஆச்சு? முந்தின நாளான 25-ஆம் தேதி மொத்த ஊரும் கடைக்குக் கிளம்பியது.

நான்கு நாளுக்கு வேண்டிய காய்கறிக்காக, நாலு வாரம் காத்த இடைவெளியைச் சில மணி நேரத்தில் விட்டுவிட்டோம். மக்களைக் குறை சொல்லவில்லை. குழந்தைக்குப் பால் பவுடர் வாங்காமல் இருக்க முடியுமா? அவகாசத்தை அவ்வளவு குறுக்கினால் கூட்டம் அவ்வளவு நெருங்கத்தான் செய்யும்.

5.

அடுத்து கோயம்பேடு. தமிழ்நாட்டின் கொரோனா வரலாற்றில் இதைத் தாண்டிப் போக முடியாது.

ஊரடங்கிலும் சந்தை திறந்திருக்க வேண்டியிருந்தது. சென்னைக்கே காய்கறி அங்கிருந்துதான். வியாபாரி, சுமை தூக்குபவர், லாரி டிரைவர், சில்லறைக் கடைக்காரர் என்று ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கமாகப் புழங்கும் இடம். ஏப்ரல் கடைசியில் தொற்று தெரிய ஆரம்பித்து, மே 5-ஆம் தேதி சந்தையை மூடினார்கள். மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது.

ஆனால் மூடுவதற்கு முன்பே அங்கு வேலை செய்தவர்கள் சொந்த ஊர் திரும்பிவிட்டார்கள். கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று அதுவரை எண்ணிக்கை குறைவாக இருந்த மாவட்டங்களில் திடீரென்று ஏறியது.

சந்தையைப் பூட்டினோம். சந்தையிலிருந்து கிளம்பியதைப் பூட்ட முடியவில்லை.

6.

இங்கே ஒரு சின்ன மருத்துவ விளக்கம். இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும்.

ஒருத்தர் இன்றைக்குக் கூட்டத்தில் தொற்று வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் வகை வைரஸுக்கு, அறிகுறி தெரிய சராசரியாக 5 நாள். (ஒமிக்ரானுக்கு 3 நாள்தான்.) காய்ச்சல் வந்து, கஷாயம் குடித்து, மெடிக்கலில் மாத்திரை வாங்கி, "சரியாயிடும்" என்று இரண்டு மூன்று நாள் போகும். அப்புறம்தான் டெஸ்ட். மூச்சுத்திணறல் வருகிறவர்களுக்கு அது வருவது பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரம் வாக்கில்.

ஆக, இன்றைக்குக் கூடின கூட்டத்தின் கணக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வர 10 முதல் 14 நாள் ஆகும்.

இந்த இடைவெளிதான் நம்மை ஏமாற்றுவது. கட்டுப்பாடு எடுத்த முதல் வாரம் எண்ணிக்கை ஏறாது. "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை" என்போம். இரண்டாவது வாரம் இன்னும் தைரியம் வரும். அந்தத் தைரியம் உச்சத்தில் இருக்கும்போது முதல் வாரத்தின் பில் வந்து சேரும்.

7.

மதுரையில் அந்த பில் 2020 ஜூனில் வந்தது.

ஜூன் 1 முதல் பெரிய தளர்வுகள். மண்டலத்துக்குள் பஸ் ஓட ஆரம்பித்தது, கடைகள் திறந்தன. சென்னையில் பரவல் மோசமாக, அங்கிருந்து ஆட்கள் ஊர் திரும்பிக்கொண்டும் இருந்தார்கள்.

பரவை காய்கறி மார்க்கெட் எங்களுக்குத் தூரமில்லை. திண்டுக்கல் ரோட்டில் வாடிப்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவில். சுற்று வட்டாரத்துக் காய்கறி பெரும்பாலும் அங்கே போய் அங்கிருந்துதான் திரும்பி வரும். கோயம்பேட்டில் நடந்தது சின்ன அளவில் அங்கேயும் நடந்தது. வியாபாரிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் தொற்று வந்து, ஜூனில் மார்க்கெட்டை மூட வேண்டியதாயிற்று.

ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களுக்கு முழு ஊரடங்கு. முதலில் ஜூன் 30 வரை என்றார்கள். பிறகு ஜூலை 5, ஜூலை 12, ஜூலை 14 என்று நீண்டது.

கவனிச்சீங்களா, பட்டியலில் பரவை இருக்கு, வாடிப்பட்டி இல்லை. ஒரே ரோடு. ஒரு பக்கம் முழுப் பூட்டு, கொஞ்ச தூரம் தள்ளி கடை திறந்திருக்கு. உத்தரவுக்கு எல்லை போட்டுத்தான் ஆகணும், வேறு வழியில்லை. ஆனால் அந்த எல்லைக் கோட்டில் வைரஸ் நின்று இ-பாஸ் காட்டிவிட்டா வரும்?

ஜூன் தொடக்கத்தில் மாவட்டத்தில் சில நூறாக இருந்த மொத்த எண்ணிக்கை, ஜூலை முடிவதற்குள் பத்தாயிரத்தைத் தாண்டியது.

8.

அப்போ ஊரடங்கே போதும், பூட்டியே வைப்போம் என்கிறேனா? இல்லை.

ஊரடங்கும் ஒரு மருந்து மாதிரிதான். வேலை செய்யும், பக்கவிளைவும் உண்டு. டோஸ் கூடினால் நோயாளிக்கே ஆபத்து.

மதுரை முழு ஊரடங்கில் இருந்த அதே ஜூன் மாதம்தான் சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் இருந்த நிலையில் இறந்தார்கள். சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, மதுரை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. ஒரு சுகாதார உத்தரவு லத்தியின் கையில் போனால் எங்கே போய் முடியும் என்பதற்கு அதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

சத்தமில்லாமல் நடந்த இழப்பும் உண்டு. வாடிப்பட்டி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது மேளம். கல்யாணத்துக்கு 50 பேர், இறப்புக்கு 20 பேர் என்று கணக்கு வந்தபோது மேளக்காரரை யார் கூப்பிடுவார்கள்? திருவிழா இல்லாத சித்திரை, வைகாசி, ஆடி. இரண்டு சீசன் முழுசாப் போச்சு. பந்தல் போடுகிறவர், சமையல் மாஸ்டர், பூ கட்டுகிறவர், எல்லாருக்கும் அதே கதைதான்.

அதனால்தான் சொல்றேன், தளர்வு வேணும். கேள்வி "திறக்கலாமா" என்பது இல்லை. "எப்படித் திறக்கிறது" என்பதுதான்.

9.

இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முந்தின பதில் ஒன்று இருக்கிறது.

1918 இன்ஃப்ளூயன்சா. "ஸ்பானிஷ் ஃப்ளூ" என்று பெயர். ஸ்பெயினுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. போரில் சேராத ஸ்பெயின் நாட்டுப் பத்திரிகைகள் செய்தியை மறைக்காமல் போட்டதால் வந்த பெயர். இந்தியாவில் 1918 ஜூன் வாக்கில் பம்பாயில் தெரிய ஆரம்பித்து, செப்டம்பருக்குப் பிறகு இரண்டாவது அலையாக நாடு முழுக்கப் போனது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் நடுவில் இந்தியாவின் மக்கள்தொகை ஏறவில்லை, குறைந்தது. சென்சஸ் வரலாற்றில் அப்படிக் குறைந்தது அந்த ஒரு பத்தாண்டில் மட்டும்தான்.

அமெரிக்க நகரங்களில் பள்ளி, தியேட்டர், சர்ச் எல்லாம் மூடினார்கள். ஃபிலடெல்ஃபியாவில் 1918 செப்டம்பர் 28 அன்று போர் நிதிக்காக ஊர்வலம் நடத்தினார்கள். சுமார் இரண்டு லட்சம் பேர் கூடினார்கள். சில நாட்களிலேயே ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தன.

சான் ஃபிரான்சிஸ்கோ கதைதான் நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே மாஸ்க் கட்டாயம். போடாதவர்களுக்கு அபராதம், சிலருக்குச் சிறையும் உண்டு. எண்ணிக்கை இறங்கியது. நவம்பர் 21, பகல் 12 மணி. சங்கு ஊதியது. மொத்த ஊரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றி ரோட்டில் வீசியது. கொண்டாட்டம்.

டிசம்பரில் மறுபடி ஏற ஆரம்பித்தது. 1919 ஜனவரி 17-ல் மறுபடி மாஸ்க் உத்தரவு. இந்தத் தடவை மக்கள் கேட்கத் தயாராக இல்லை. மாஸ்க் எதிர்ப்புச் சங்கம் ஒன்றே உருவாகி ஆயிரக்கணக்கானவர்கள் கூட்டம் போட்டார்கள். பிப்ரவரி 1-ல் உத்தரவை எடுத்தார்கள்.

ஒரு தடவை "எல்லாம் முடிஞ்சது" என்று சங்கு ஊதிவிட்டால், அடுத்த தடவை "இன்னும் முடியலை" என்று சொல்லும்போது யாரும் காதில் வாங்க மாட்டார்கள். ஏப்ரல் 22 அபராத அறிவிப்புக்கு நம்ம ஆட்கள் போட்ட மீம்ஸைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இதுதான்.

அந்தக் காலத்து 43 அமெரிக்க நகரங்களின் பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து 2007-ல் ஒரு ஆய்வு வெளியானது. கட்டுப்பாடுகள் அமலில் இருந்தபோது எந்த நகரத்திலும் இரண்டாவது உச்சம் வரவில்லை. வந்த இடங்களில் எல்லாம் தளர்த்திய பிறகுதான் வந்தது.

10.

சரி, கூட்டத்தைக் கலைக்கிற வழியை அமெரிக்காவில் தேட வேண்டாம். நம்ம ரேஷன் கடையிலேயே இருக்கு.

2005 டிசம்பர் 18. சென்னை எம்.ஜி.ஆர். நகர். வெள்ள நிவாரணம் வாங்க விடியும் முன்பே கூடின கூட்டம். நெரிசலில் 42 பேர் இறந்தார்கள். கிருமி இல்லை, காய்ச்சல் இல்லை. நேரமும் வாசலும் மட்டும்தான் காரணம்.

2020 ஏப்ரலில் ஒவ்வொரு அரிசி கார்டுக்கும் 1000 ரூபாய் நிவாரணம் கொடுக்க வேண்டியிருந்தது. இரண்டு கோடிக் குடும்பங்கள். எல்லாரும் ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? டோக்கன் கொடுத்தார்கள். இன்ன தேதி, இன்ன நேரம் வாங்க என்று எழுதி, வீடு தேடி வந்து கொடுத்தார்கள். 2021-ல் 2000 ரூபாய் கொடுத்தபோதும் அப்படித்தான்.

அந்தத் துண்டுச் சீட்டை நான் ஒரு மருத்துவக் கருவியாகத்தான் பார்க்கிறேன். கூட்டத்தை அது தடுக்கவில்லை, கலைத்து நாள் முழுக்கப் பரப்பியது. யாருக்கும் எதுவும் மறுக்கப்படவில்லை. வரிசை மட்டும் காலத்தில் நீண்டது.

அதே மாதிரிதான் சந்தைகளை பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளி மைதானத்துக்கும் மாற்றியது. 2021 மே 24 முழு ஊரடங்கில் காய்கறி வண்டியைத் தெருவுக்கே அனுப்பியது. ஆட்கள் ஒரே இடத்துக்கு வருவதற்குப் பதில் பொருள் பல இடத்துக்குப் போனது.

11.

2021-ல் நம்ம பகுதியிலேயே நடந்த ஒன்று.

ஜனவரி 16, 2021. அன்று காலை முதலமைச்சர் பழனிசாமி எங்க வாடிப்பட்டி தாலுகாவைச் சேர்ந்த அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டைத் தொடங்கி வைத்தார். அதே நாள் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் தமிழ்நாட்டின் கொரோனா தடுப்பூசித் திட்டத்தையும் தொடங்கி வைத்தார். வாடிவாசலும் தடுப்பூசியும் ஒரே நாள், ஒரே மாவட்டம்!

அந்த ஜல்லிக்கட்டுக்கு நிபந்தனைகள் இருந்தன. மாடுபிடி வீரர்களுக்குக் கொரோனா இல்லை என்ற சான்று வேண்டும், பார்வையாளர்கள் பாதி அளவில்தான். பாரம்பரியத்தையும் விடாமல், நோயையும் மறக்காமல் நடத்தலாம் என்று காட்டியது நல்ல விஷயம்.

ஆனால் அந்தச் சமயம் நம் மனசு நோயை விட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டது. தடுப்பூசி வந்தாச்சு, எண்ணிக்கை குறைஞ்சாச்சு, தேர்தல் வேறு. மாஸ்க் தாடைக்கு இறங்கியது. ஏப்ரலில் ஏற ஆரம்பித்து, மே 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. படுக்கை, ஆக்ஸிஜன், எதைக் கேட்டாலும் இல்லை. அந்த மே மாதத்தைப் பார்த்த அரசு மருத்துவமனைக்காரர்கள் யாரும் அதைப் பற்றி நிறையப் பேச விரும்ப மாட்டோம்.

மே 24 முதல் தளர்வே இல்லாத ஊரடங்கு என்று சொல்லி, அதற்கு முன் 22, 23 இரண்டு நாள் எல்லாக் கடையும் திறக்கலாம், பஸ்ஸும் ஓடும் என்றார்கள். மறுபடி அதே ஏப்ரல் 25 காட்சி.

நியாயமாக ஒன்றைச் சொல்லணும். அந்த இரண்டு நாள் கூட்டத்துக்குப் பிறகு எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கத்தான் செய்தது. ஏனென்றால் உடனே முழு ஊரடங்கு வந்துவிட்டது. அதனால் "ஒரு கூட்டம் கூடினால் ஒரு அலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கூட்டம் ஒரு விதைப்பு மாதிரி. தண்ணீர் கிடைத்தால் முளைக்கும். இல்லாவிட்டால் காய்ந்து போகும். பிரச்சினை என்னவென்றால், எது முளைக்கும் என்று விதைக்கிற அன்றைக்குத் தெரியாது.

12.

இப்போது சித்திரைத் திருவிழாவுக்கு வருவோம்.

2020-ல் மே 4-ஆம் தேதி மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் நடந்தது. நாம் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அழகர் ஆற்றுக்கு வரவில்லை. 2021-லும் மக்கள் இல்லை. அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே வைகை போல அமைத்து நடத்தினார்கள்.

மதுரைக்காரனுக்கு அழகர் வராத சித்திரை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அதனால் 2022-ல் வந்த கூட்டத்தை நான் குறையே சொல்ல மாட்டேன். மூன்று வருடக் கூட்டம் ஒரே விடியற்காலையில் ஆற்றுக்குள் நின்றது.

அந்த இரண்டு உயிரையும் எடுத்தது கொரோனா இல்லை. ஆனால் இரண்டு வருடம் அணையில் தேக்கின தண்ணீரை ஒரே மதகில் திறந்துவிட்ட மாதிரிதான் அது.

நெரிசலில் எப்படி உயிர் போகிறது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. "மிதிச்சுக் கொன்னுட்டாங்க" என்போம். பெரும்பாலும் அப்படி இல்லைங்க. ஒரு சதுர மீட்டரில் ஐந்து ஆறு பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், யாரும் தன் இஷ்டத்துக்கு நகர முடியாது. கூட்டம் தண்ணீர் மாதிரி அலை அடிக்கும். நாலு பக்கமும் அழுத்தம் வரும்போது நெஞ்சுக்கூடு விரிய இடமில்லை. மூச்சை உள்ளே இழுக்க முடியாது. நின்ற நிலையிலேயே மூச்சு நின்று போகும்.

கொரோனா வார்டிலும் கடைசியில் பார்த்தது மூச்சுக்கான போராட்டம். நெரிசலிலும் அதுதான். முன்னதில் நுரையீரலுக்குள் இடமில்லை, பின்னதில் நெஞ்சுக்கு வெளியே இடமில்லை.

13.

நம் முன்னோர்கள் இதை யோசிக்காமல் இல்லை.

1939-ல் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவில் ஒரு மாகாணம் பொதுச் சுகாதாரத்துக்கென்று போட்ட முதல் முழுச் சட்டம் அது. மாஸ்க் இல்லை என்று 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500 ரூபாய் என்று பிடித்தார்களே, அது இந்தச் சட்டத்தில் 2020 செப்டம்பரில் கொண்டுவந்த திருத்தத்தை வைத்துத்தான்.

அபராதம் எல்லாருக்கும் தெரியும். அதே சட்டத்தில் சந்தை, திருவிழாக்களுக்கென்று தனி அத்தியாயமே இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. காலரா ஊரைக் காலி செய்துகொண்டிருந்த காலத்தில் எழுதினது. திருவிழாவே கூடாது என்று எழுதவில்லை. கூட்டம் வரும், வருகிற கூட்டத்துக்குச் சுகாதார ஏற்பாடு செய்வது உள்ளூர் நிர்வாகத்தின் கடமை என்று எழுதினார்கள்.

திருவிழாவை நிறுத்துவது இல்லை, திருவிழாவுக்குத் தயாராவது. 80 வருடத்துக்கு முன்பே எழுதி வைத்த பாடம் இது.

14.

சரி டாக்டர், இப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?

அடுத்தடுத்து வைகாசித் திருவிழா, முகூர்த்தம், காதுகுத்து, கோடை லீவு. எதையும் விட வேண்டாம். இதை மட்டும் மனசில் வைங்க.

ஒன்று, முதல் நாள் முதல் ஆளா நிற்காதீங்க. கடைத் திறப்பு, தள்ளுபடி, சாமி தரிசனம் எதுவாக இருந்தாலும் உங்களுக்கு நீங்களே ஒரு டோக்கன் போட்டுக்கோங்க. மறுநாள் காலை 10 மணிக்குப் போனாலும் சாமி அங்கேதான் இருக்கும்.

இரண்டு, காற்றைப் பாருங்க. இந்த வைரஸ் காற்றில் பரவுவது. திறந்த திடலில் நூறு பேரைவிட, ஜன்னல் சாத்தின ஏசி மண்டபத்தில் முப்பது பேர் ஆபத்து. கல்யாண மண்டபத்தில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க. புழுக்கமா இருக்கும், பரவாயில்லை.

மூன்று, மாஸ்க்கை பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் போடுங்க. ரோட்டில் தனியாக நடக்கும்போது போடாவிட்டாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன். பஸ்ஸில் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, போலீஸைப் பார்த்ததும் ரோட்டில் போடுவது தலைகீழ்.

நான்கு, காய்ச்சல், சளி இருந்தால் விசேஷத்துக்குப் போகாதீங்க. "போகலைன்னா சொந்தம் கோவிச்சுக்கும்" என்பீர்கள். போன் போட்டு "அத்தே, எனக்குச் சளி, ஒங்க வீட்ல பெரியவங்க இருக்காங்க, அதான் வரலை"ன்னு சொல்லுங்க. மொய்யை மட்டும் அனுப்பிடுங்க. யாரும் கோவிக்க மாட்டாங்க.

ஐந்து, உங்க வீட்டில் ரொம்பப் பலவீனமானவர் யார் என்று பாருங்க. சுகர் இருக்கிற அப்பத்தா, டயாலிசிஸ் போகிற மாமா, கீமோ முடித்த அக்கா. வெளியே போகும்போது அவர்களுக்காக முடிவெடுங்க. உங்களுக்கு வந்தால் மூன்று நாள் காய்ச்சல். அவங்களுக்கு வந்தால் கதை வேற.

ஆறு, தடுப்பூசி. 2022 ஏப்ரலில், இரண்டாவது டோஸ் போட்டு 9 மாதம் ஆன 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்றாவது டோஸ் அரசு மையங்களில் இலவசமாகக் கிடைத்தது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஏப்ரல் 10 முதல் தனியார் மையங்களில் கிடைத்தது. 12 வயதுக் குழந்தைகளுக்கும் 2022 மார்ச்சிலிருந்து போட்டோம். "அலை வந்தா போட்டுக்கிறேன்" என்பவர்களுக்கு: ஊசி போட்டு எதிர்ப்பு சக்தி ஏற ஒன்றிரண்டு வாரம் ஆகும். தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது.

15.

பெரிய கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குத் தனியாக.

உள்ளே நுழையும்போதே வெளியே போகிற வழியைப் பார்த்து வைங்க. முன்னும் பின்னும் இருப்பவர்கள் உடம்பில் ஒட்ட ஆரம்பித்தால், அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். "இன்னும் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பார்த்துட்டு" என்று நினைக்காதீங்க.

மாட்டிக்கொண்டால், இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைங்க. நெஞ்சுக்கும் முன்னால் இருப்பவர் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் காப்பாற்றணும். அதுதான் உங்கள் மூச்சு. கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீங்க. அலை ஓய்கிற நேரம் பார்த்துச் சாய்வாக ஓரத்துக்கு நகருங்க. செருப்போ செல்போனோ கீழே விழுந்தால் குனியாதீங்க. போனால் போகட்டும்.

கைக்குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி, ஆஸ்துமாக்காரர்களை உச்ச நேரத்தில் கூட்டிப்போக வேண்டாம். அழகரை மண்டகப்படியிலும் பார்க்கலாம்.

திருவிழா நடத்துகிற ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உள்ளே வர ஒரு வழி, வெளியே போக வேறு வழி. அன்னதானத்தை ஒரே பந்தியாக 12 மணிக்குப் போடாமல் 11 முதல் 3 வரை நீட்டுங்க. ஆம்புலன்ஸ் வர ஒரு பாதையைக் கயிறு கட்டிக் காலியாக விடுங்க. இதுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

16.

கடைசியாக.

உத்தரவு இருந்தவரைக்கும் "போலீஸ் பிடிப்பாங்க" என்பதற்காகச் செய்தோம். இப்போது பிடிக்க ஆள் இல்லை. இனிமேல் செய்வதுதான் நமக்காகச் செய்வது.

அரசாங்கம் பூட்டைத் திறந்துவிட்டது. நல்லது. கதவு அகலமாகத்தான் திறந்திருக்கு. எல்லாரும் போகலாம். வரிசையாப் போவோம். முன்னால் வயசானவர் போனா அவருக்கு வழி விட்டுப் போவோம்.

சந்தேகம் இருந்தால் கமெண்ட்டில் கேளுங்க, டியூட்டி முடிந்து வந்து பதில் போடுறேன். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் கமெண்ட்டில் கேட்காதீங்க, 108-க்குக் கூப்பிடுங்க.


வாடிப்பட்டியிலிருந்து, உங்கள் அரசு மருத்துவர்